ஸ்டியரிங் ஆட்டம்: பழைய கேம்பர் வண்டியில் எங்கே தேடுவது, எதைக் கடைசியில் தொடுவது

வெள்ளவத்தையில் இருந்து கொள்ளுப்பிட்டி வரை காலி வீதி கிட்டத்தட்ட நேர்தான். அந்த நேர் றோட்டில் ஏன் இத்தனை தரம் ஸ்டியரிங்கை அங்கேயும் இங்கேயும் திருத்திக்கொண்டு வாறாய் என்று பக்கத்தில் இருந்த மச்சான் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. கை தானாகவே பழகியிருந்தது. வளையத்தை நாலு விரல் அகலம் திருப்பிய பிறகுதான் சில்லுக்குச் செய்தி போய்ச் சேரும். அதற்குள் ஒரு தனியார் பஸ் கண்ணாடியை உரசிக்கொண்டு போய்விடும்.

வண்டி 1989 ஆம் ஆண்டு ஜப்பானிய லொறிச் சசி, இரண்டு தொன் வகை. மேலே பெட்டி கட்டி, இரண்டு கட்டில், காஸ் அடுப்பு, பின்னுக்கு 100 லீற்றர் தண்ணீர்த் தாங்கி. முன்னால் இரண்டு சில்லுக்கும் ஒரே எக்ஸல், தட்டு ஸ்பிரிங், சில்லு திரும்புகிற அச்சான கிங் பின், வளையத்தின் சுழற்சியைச் சில்லுப் பக்கம் மாற்றிக்கொடுக்கும் பவர் ஸ்டியரிங் பொக்ஸ். எல்ஃப், கென்டர் வகை லொறிகளில் பெட்டி கட்டியவர்களுக்குப் பெரும்பாலும் இதே அமைப்புத்தான் இருக்கும். வானில் கட்டியவர்களுக்கு உள்ள வித்தியாசத்தைப் பிறகு சொல்கிறேன். 2020 இல் நின்ற வாகன இறக்குமதி 2025 இல்தான் திரும்பத் திறந்தது. அந்த ஐந்து வருஷமும் இருக்கிற பழசையே திருத்தித் திருத்தி ஓடியதில், இந்த ஆட்டம் என்னுடைய வண்டிக்கு மட்டும் வந்த வருத்தமில்லை. வருஷா வருஷம் போகிற புகைப் பரிசோதனையில் யாரும் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பார்ப்பதும் இல்லை.

முதலில் நான் செய்தது பிழை. ஒரு கராஜில் விட்டேன். பத்து நிமிஷத்தில் வண்டி திரும்பி வந்தது, "பொக்ஸை இறுக்கியாச்சு" என்றார்கள். ஆட்டம் குறைந்திருந்தது, சந்தோஷம். அடுத்த கிழமை குடும்பத்தோடு மலைநாட்டுக்குப் போகும்போது கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு வளைவு. திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்து நேராக்கினேன். எதிரே சீமெந்து ஏற்றிய லொறி. அதற்கு மேல் அந்தக் கதையைச் சொல்ல விருப்பமில்லை.

திரும்பி வந்து மாளிகாவத்தைப் பக்கம் ஸ்டியரிங் வேலை மட்டுமே செய்கிற நானா ஒருவரைப் பிடித்தேன். பொக்ஸில் இருக்கும் இறுக்கும் திருகாணியைக் காட்டி அவர் கேட்ட முதல் கேள்வி, "தம்பி, இந்தத் திருகாணிய யாரு தொட்டது?"

"கராஜில, நானா."

"கீழ படுத்துப் பார்த்தாங்களா?"

"இல்லை."

"அப்ப வேல இன்னும் தொடங்கவே இல்ல."

கீழே உள்ள முறை பெரும்பாலும் அவரிடம் பக்கத்தில் குந்தியிருந்து கற்றது. கொஞ்சம் நானே தடுமாறிக் கண்டுபிடித்தது.

அளவு எடுங்கள்

"நிறைய ஆடுது" என்பது அளவில்லை. வண்டியைச் சமதரையில், முன் சில்லுகள் நேராக இருக்க நிறுத்துங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் என்ஜின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். என்ஜின் நின்றிருந்தால் பொக்ஸுக்குள் இருக்கும் முறுக்குக் கம்பி முறுகிக்கொடுப்பதையும் ஆட்டம் என்று எண்ணி ஏமாறுவீர்கள்.

டாஷ்போர்டில் இருந்து ஒரு கம்பித் துண்டை வளையத்தின் ஓரத்தைத் தொடாமல் தொடுகிற மாதிரி நீட்டி ஒட்டுங்கள். வளையத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப். இனி ஒரு விரலால் வளையத்தை இடப்பக்கம் மெதுவாகத் தள்ள, வெளியே நிற்பவர் முன் சில்லு அசையத் தொடங்குகிற அந்தக் கணத்தில் "சரி" என்பார். கம்பி நிற்கும் இடத்தில் பேனாக் கோடு. அதே மாதிரி வலப்பக்கம். இரண்டு கோட்டுக்கும் இடையிலான வளைந்த தூரம்தான் பிளே. தையல்காரர் நாடாதான் இதற்கு நல்லது. இரும்பு டேப் வளையத்தோடு வளையாது. என் வண்டியில் திருகாணியைப் பழைய இடத்துக்கே விட்ட பிறகு வந்த அளவு 95 மில்லிமீற்றர், 400 மில்லிமீற்றர் வளையத்தில்.

எவ்வளவு கூடும்? பல ஜப்பானியக் கார்களின் கைந்நூல்களில் 30 மில்லிமீற்றர் என்று இருக்கும். பிரித்தானியாவின் எம்.ஓ.டி. என்கிற வருடாந்த வாகனச் சோதனையில் 380 மில்லிமீற்றர் வளையத்துக்கு, பொக்ஸ் வகை என்றால் 75, ரேக் (பல் வெட்டிய நேர்க் கம்பி) வகை என்றால் 13 மில்லிமீற்றர் என்று ஒரு வரம்பு வைத்திருக்கிறார்கள். 75 என்பது ஃபெயிலாக்குகிற எல்லை, ஓடுவதற்கான இலக்கு இல்லை. முப்பது வயதான பொக்ஸ் வண்டியில் 25 முதல் 35 வரை கொண்டுவந்தால் நான் நிம்மதியாக ஓடுவேன். பூச்சியத்துக்குக் கொண்டுவர நினைப்பவர்கள்தான் திருகாணியை உடைப்பார்கள்.

ஏன் கீழே இருந்து தொடங்க வேண்டும்

இதை ஒருதரம் கணக்காகப் பார்த்தால் பிறகு மறக்காது. பொக்ஸ் விகிதம் 20க்கு 1 என்று வையுங்கள்: வளையம் 20 பாகை திரும்பினால், பொக்ஸில் இருந்து வெளியே வரும் கையான பிட்மன் ஆம் 1 பாகை திரும்பும். பிட்மன் ஆமின் நீளம் 150 மில்லிமீற்றர். அதன் நுனியில் இருக்கிற, சில்லுப் பக்கம் போகும் கம்பியான டிராக் லிங்கின் ஜொயின்ட் வெறும் 1 மில்லிமீற்றர் தேய்ந்திருந்தால், அது கையில் எவ்வளவாகத் தெரியும்? 150இல் 1, அதை 20ஆல் பெருக்கி, வளையத்தின் ஆரம் 200ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 27 மில்லிமீற்றர். ஒரு நகத்தின் தடிப்பு அளவு தேய்மானம், கையில் இரண்டு விரல் அகலம்.

மறுபக்கம், பொக்ஸுக்கு மேலே, வளையத்தில் இருந்து இறங்கும் தண்டான கொலத்தில் இருக்கும் குறுக்கு ஜொயின்டில் அதே 1 மில்லிமீற்றர், 30 மில்லிமீற்றர் ஆரத்தில் இருந்தால், கையில் 7 மில்லிமீற்றர்கூட வராது. அங்கே விகிதம் பெருக்குவதில்லை. ஆகவே பெரிய ஆட்டம் என்றால் குற்றவாளி பெரும்பாலும் பொக்ஸின் பல்லிலும் அதற்குக் கீழேயும்தான் இருப்பான். கீழே நாலைந்து இடம், பொக்ஸில் ஒரே இடம். நாலைந்தையும் பார்க்காமல் ஒன்றை இறுக்குவதில் என்ன நியாயம்?

அறிகுறி: வளையம் திரும்புது, சில்லு பேசாமல் நிற்குது

இதுதான் அசல் ஆட்டம். இதற்கு ஜெக் வேண்டாம். சில்லு நிலத்தில் பாரத்தோடு நிற்கவேண்டும். உள்ளே ஒருவர், கீழே ஒருவர். உள்ளே இருப்பவர் வளையத்தைச் சில்லு திரும்பாத அளவுக்கு, இடமும் வலமும் விடாமல் ஆட்ட வேண்டும். வேகமாக வேண்டாம். என் மச்சானுக்கு இதை விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் போனது. "மச்சான், தொட்டில் ஆட்டுற மாதிரி ஆட்டு" என்ற பிறகுதான் சரிவந்தது.

கீழே போகிறவருக்கு: கை பிரேக், பின் சில்லுக்கு முன்னும் பின்னும் கட்டை, கியர் நியூட்ரல். என்ஜின் ஓடும்போது ஃபேன் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கையோ சட்டைக் கையோ போகக்கூடாது. டிராக் லிங்குக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் விரல் விடவேண்டாம்.

கண்ணால் தேடுவதைவிடக் கையால் தேடுவது நல்லது. ஒரு ஜொயின்ட்டின் இரண்டு பக்கத்தையும் ஒரே உள்ளங்கையில் சேர்த்துப் பிடியுங்கள்: பெருவிரல் பிட்மன் ஆமில், மற்ற விரல்கள் டிராக் லிங்கின் தலையில். நல்ல ஜொயின்ட் என்றால் இரண்டும் ஒரே உடம்பு மாதிரிச் சேர்ந்து அசையும். தேய்ந்தது என்றால் பெருவிரலுக்கு முதலில் அசைவு வரும், மற்ற விரல்களுக்கு ஒரு சின்ன இடைவெளி விட்டு "டிக்" என்று வரும்.

பொக்ஸில் இருந்து சில்லு வரை இந்தக் கையோடு போங்கள்.

பொக்ஸ் சசியில் அசைகிறதா? இதைப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. என் வண்டியில் முதல் குற்றவாளி இதுதான். பொக்ஸைச் சசியோடு பிடிக்கும் போல்ட்டுகளில் ஒன்று தளர்ந்து, வளையம் ஆடும்போது பொக்ஸ் முழுசாக ஒரு மில்லிமீற்றர் அளவு மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. போல்ட் தலையைச் சுற்றித் துருப்பொடி காப்பித்தூள் மாதிரிப் படிந்திருந்தால் அது அசைவின் அடையாளம். இறுக்குமுன் டொச் அடித்து சசித் தகட்டில் வெடிப்பு இருக்கிறதா என்று வடிவாகப் பாருங்கள். கடற்கரைப் பக்கம் வண்டி நிறுத்துகிறவர்கள் இன்னும் கவனம். மரைன் டிரைவ் உப்புக்காற்றுக்கு இரும்பு என்றால் நல்ல பசி. வெடிப்பு இருந்தால் வெல்டிங் வேலை சசி தெரிந்த ஆளிடம் போகவேண்டும், மூலைக்கடை வெல்டரிடம் இல்லை. போல்ட்டைப் புதிதாகப் போட்டு, கைந்நூலில் உள்ள டோர்க்கில் இறுக்கியதும் 95 ஆனது 70.

பொக்ஸில் இருந்து வெளியே வரும் தண்டு. பிட்மன் ஆமைப் பிடித்து மேலும் கீழும், பக்கவாட்டிலும் தள்ளுங்கள். தண்டு அதன் புஷ்ஷுக்குள் ஆடினால், அல்லது அந்த இடத்தில் ஒயில் ஒழுகினால், பொக்ஸைத் திறக்கிற வேலை. வெளியே உள்ள திருகாணி அதைக் குணமாக்காது. பிட்மன் ஆமின் பெரிய நட்டு இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஆமைக் கழற்ற வேண்டி வந்தால் தண்டிலும் ஆமிலும் ஒரே கோடு போட்டுவிட்டு, புல்லர் போட்டு எடுங்கள். சுத்தியலால் அடித்தால் அடி பொக்ஸுக்குள் இருக்கும் பந்துகளுக்குப் போய்ச் சேரும்.

டிராக் லிங்க். இரண்டு தலையிலும் அந்த "டிக்" சோதனை. சில பழைய லொறிகளில் தலைக்குள் ஸ்பிரிங்கும் திருகு மூடியும் இருக்கும். மூடியை இறுக்கி, கைந்நூல் சொல்கிற அளவு பின்னுக்கு விட்டு, நட்டோ மூடியோ கழலாமல் பூட்டும் கொட்டர் பின் புதுசாகப் போட்டால் சரி. மூடி முத்திரையிட்ட வகை என்றால் மாற்றத்தான் வேண்டும். என்னுடையதில் பின்பக்கத் தலை போயிருந்தது. புதுசு போட 70 ஆனது 45.

டை ரொட், முன் சில்லு இரண்டையும் இணைக்கிற கம்பி. இங்கேதான் ஆக்கள் ஏமாறுவது. கம்பியைக் கையால் பிடித்து அதன் அச்சில் உருட்டினால் கொஞ்சம் உருளும். அது தேய்மானமே இல்லை, பந்து ஜொயின்ட் அப்படித்தான் உருளவேண்டும். "பாருங்க, ஆடுது" என்று உருட்டிக் காட்டி இரண்டு எண்ட் விற்கிற கடை உண்டு. பார்க்கவேண்டியது பந்து அதன் குழிக்குள் மேலும் கீழும், அல்லது இழுக்கும் திசையில் நகர்கிறதா என்பதை. ரப்பர் உறை கிழிந்திருந்தால் ஆட்டம் இன்னும் தொடங்காவிட்டாலும் அந்த ஜொயின்ட்டின் நாட்கள் எண்ணப்பட்டுவிட்டன. ஒரு மழைக்காலம் காணும்.

இனி எல்லாரும் தவறவிடுகிற ஒன்று. வண்டிக்கு முன்னால், சற்றுத் தள்ளி, நிலத்தோடு நிலமாகப் படுத்து எக்ஸலைப் பாருங்கள். உள்ளே இருப்பவர் ஆட்டும்போது சில்லு திரும்புவதற்கு முன் எக்ஸலே சசிக்குக் கீழே இடமும் வலமும் நகர்கிறதா? நகர்ந்தால் ஸ்பிரிங் கண்ணில் உள்ள புஷ், ஸ்பிரிங் நுனியைச் சசியோடு பிடிக்கும் ஷக்கிள் பின், அல்லது எக்ஸலை ஸ்பிரிங்கோடு கட்டும் யூ போல்ட் தளர்வு. எந்த ஜொயின்ட்டிலும் "டிக்" வராது, ஆனால் ஆட்டம் இருக்கும். முன்னுக்கு வலப்பக்க ஷக்கிள் புஷ் என் வண்டியில் ரப்பராகவே இல்லை, கறுத்த வடை மாதிரி உதிர்ந்து கையில் வந்தது. மாற்றியதும் 45 ஆனது 36.

கொலத்துக்குக் கடைசியாக வாருங்கள். குறுக்கு ஜொயின்ட், அதைப் பிடிக்கும் போல்ட், ரப்பர் கப்ளிங் இருந்தால் அதன் வெடிப்பு. மேலே சொன்ன கணக்கின்படி இங்கே கிடைப்பது சில மில்லிமீற்றர்தான். ஆனால் அந்தக் கவ்வுப் போல்ட் கழன்றால் வளையம் கையோடு வரும், சில்லு வராது. ஆகவே ஆட்டம் இல்லாவிட்டாலும் ஸ்பானர் போட்டுப் பாருங்கள்.

அறிகுறி: பிளே அளந்தால் குறைவு, ஆனால் றோட்டில் வண்டி அலையுது

கட்டுநாயக்க அதிவேகப் பாதையில் முத்துராஜவெல பக்கம் குறுக்குக் காற்று அடிக்கும்போது பெட்டி வண்டி அலையத்தான் செய்யும். அது பெட்டியின் உயரம். அதைவிட்டுப் பார்ப்போம்.

முதலில் டயர்க் காற்று. நான்கைந்து மாதம் நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டியரிங்கைக் குறை சொல்கிறவர்களில் நானும் ஒருவன். டயர் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும்: முதல் இரண்டு கிழமை, பின் இரண்டு வருஷம். 1214 என்றால் 2014 ஆம் ஆண்டு 12 ஆம் கிழமை. கேம்பர் வண்டியில் பூ தேயாமலே டயர் கிழவனாகிவிடும், பக்கச் சுவர் கொழகொழத்துவிடும், ஸ்டியரிங் மாவு பிசைகிற மாதிரி இருக்கும்.

இரண்டாவது பாரம், இது கேம்பருக்கே உரிய வருத்தம். என் தண்ணீர்த் தாங்கி பின் எக்ஸலுக்கு 1.25 மீற்றர் பின்னால் இருந்தது. இரண்டு எக்ஸலுக்கும் இடைத்தூரம் 2.5 மீற்றர். தாங்கி நிறைந்தால் 100 கிலோ. பின் எக்ஸலில் 100 அல்ல, 150 கிலோ கூடுகிறது. முன் எக்ஸலில் இருந்து 50 கிலோ தூக்கப்படுகிறது. சீசோ மாதிரி. அதற்கும் பின்னால் ஜெனரேட்டர், சைக்கிள், மாமியின் பலாப்பழம் என்று ஏற்றினால் முன் சில்லு றோட்டைத் தடவிக்கொண்டுதான் போகும். பழைய இரும்புக் கடைக்காரர்கள் பாவிக்கிற லொறித் தராசில் முன் எக்ஸலை மட்டும் ஏற்றி ஒருதரம், முழுசாக ஒருதரம் நிறுத்துப் பாருங்கள். செலவு ஒரு சாப்பாட்டுப் பார்சலுக்குள் முடியும். நான் தாங்கியை இரண்டு எக்ஸலுக்கும் நடுவே கொண்டுவந்தேன். எந்தச் சாமானும் மாற்றாமல் கிடைத்த முன்னேற்றம் அது.

பிறகுதான் எலைன்மென்ட். ஜொயின்ட்டுகள் ஆடிக்கொண்டிருக்க எலைன்மென்ட் செய்வது காசைக் கடலில் போடுகிற வேலை. கம்பியூட்டரில் பச்சை காட்டும், அடுத்த சந்தியில் மாறிவிடும். இன்னொன்று: நம் றோட்டுகள் தண்ணீர் வடிய இடப்பக்கம் சரிந்தவை. கொஞ்சம் இடப்பக்கம் இழுப்பது றோட்டின் குணம். ஞாயிறு விடிய, ஆள் இல்லாத அகலமான இடத்தில் றோட்டின் நடுவில் ஓடிப் பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள்.

அறிகுறி: குழியில் விழுந்தால் "டொக்", பிறகு வண்டி தன்பாட்டுக்கு ஒரு பக்கம் எட்டிப் பார்க்கும்

இப்போது ஜெக். எக்ஸலுக்குக் கீழே ஜெக், ஜெக்குக்குக் கீழே தடித்த பலகை, பக்கத்தில் ஸ்டாண்ட். ஜெக்கை மட்டும் நம்பி ஒருவரும் கீழே போகக்கூடாது. கடற்கரை ஒழுங்கைகளில் தார் வெயிலில் இளகி ஜெக் ஒரு பக்கம் சாய்வதைக் கண்ணால் கண்டிருக்கிறேன்.

சில்லை மேலும் கீழும், கடிகாரத்தில் பன்னிரண்டிலும் ஆறிலும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் வந்தால் உள்ளே இருப்பவரைப் பிரேக்கை அழுத்தச் சொல்லி, திரும்ப ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் நின்றால் அது சில்லு பெயரிங்; சரிசெய்து கிறீஸ் வைத்தால் பெரும்பாலும் போதும். பிரேக் பிடித்த பிறகும் ஆடினால் கிங் பின். மூன்றிலும் ஒன்பதிலும் பிடித்து ஆட்டினால் வருவது டை ரொட் பக்கத்து ஆட்டம்.

கிங் பின் கொஞ்சம் பெரிய வேலை. பின்னும் புஷ்ஷும் மாற்றி, புஷ்ஷை லேத்தில் விட்டு ரீமர் போட்டுச் சரியான அளவுக்குக் கொண்டுவர வேண்டும். இதில் சும்மா அடித்து ஏற்றிவிட்டால் இறுகிப் பிடித்து, ஸ்டியரிங் திரும்பாமல் நிற்கும். இவ்வளவு தூரம் வராமல் தடுக்க வழி கிறீஸ் கன். சில்லு நிலத்தில் நிற்கக் கிறீஸ் அடித்தால் பாரம் தாங்கும் முகத்துக்குள் அது போகாது. எக்ஸலைத் தூக்கிவிட்டு, பழைய கறுப்புக் கிறீஸ் வெளியே தள்ளப்பட்டுப் புதுசு எட்டிப் பார்க்கும் வரை அடியுங்கள். ஒரு பக்கம் வெளியே வராவிட்டால் நிப்பிள் அடைத்திருக்கிறது. 2016 மே வெள்ளத்தில் கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் நாட்கணக்கில் தண்ணீருக்குள் நின்ற மாதிரி ஒரு வண்டியை வாங்குகிறீர்கள் என்றால், கிங் பின்னையும் பெயரிங்கையும் கழற்றிப் பார்க்காமல் காசு கொடுக்க வேண்டாம்.

அறிகுறி: 60, 70க்கு மேல் கை நடுங்குது

முதலில் சில்லு பலன்ஸ், பிறகு வளைந்த ரிம், பிறகு உப்பிய டயர். நடுக்கம் ஒரு குழிக்குப் பிறகு தொடங்கி, வேகத்தைக் குறைத்தால்தான் நிற்கிறது என்றால் மேலே சொன்ன ஆட்டங்களில் ஒன்று மிச்சம் இருக்கிறது. ஸ்டியரிங் டாம்பர் போட்டால் நின்றுவிடும் என்பார்கள். நிற்கும், நோயை மூடி வைத்துக்கொண்டு.

அறிகுறி: பாரமாக இருக்குது, உறுமுது

இது ஆட்டமே இல்லை. பவர் ஒயில் குறைவு, பெல்ட் வழுக்கல், குழாயில் காற்று. ஆட்டத்தையும் பாரத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி மெக்கானிக்கிடம் சொல்லாதீர்கள். அவரும் குழம்பி பம்பை மாற்றுவார்.

அறிகுறி: வளைவில் திருப்பினால் தானாகத் திரும்பி வருவதில்லை

கடுகண்ணாவையில் எனக்கு நடந்தது. காரணம் மூன்றில் ஒன்று: பொக்ஸ் திருகாணி அளவுக்கு மிஞ்சி இறுக்கியது, கிங் பின் கிறீஸ் காய்ந்து பிடிக்கிறது, கொலத்துக் குறுக்கு ஜொயின்ட் துருவேறி விறைத்தது. முன் சில்லு இரண்டையும் தூக்கி, டிராக் லிங்கைக் கழற்றிவிட்டு, சில்லையும் வளையத்தையும் தனித்தனியே அசையுங்கள். சில்லு கையால் லேசாகத் திரும்புகிறது, வளையம் நடுவில் வரும்போது மட்டும் பிடிக்கிறது என்றால் திருகாணி. ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் ஒருதரம் விறைத்து விடுகிறது என்றால் குறுக்கு ஜொயின்ட். இந்த அறிகுறியோடு மலை இறங்க வேண்டாம். ஆட்டம் உள்ள வண்டியை மெதுவாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடலாம், பிடிக்கிற வண்டியை முடியாது.

இனித் திருகாணி

மேலே உள்ளதெல்லாம் முடிந்து, திரும்ப அளந்து, இன்னும் ஆட்டம் இருந்தால் மட்டும். பொக்ஸின் பல் நடுவில் இறுக்கமாகவும் ஓரங்களில் சற்றுத் தளர்வாகவும் இருக்கும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. நேராக ஓடும்போது நடுப்பகுதிதான் அதிகம் தேயும். ஆகவே இறுக்குவது நடுவில் மட்டும்.

முன் சில்லு இரண்டும் தூக்கியபடி, டிராக் லிங்க் கழற்றியபடி, வளையத்தை ஒரு முட்டில் இருந்து மறு முட்டு வரை மெதுவாகச் சுற்றி எண்ணுங்கள். முட்டில் கொண்டுபோய் இடிக்கவேண்டாம். எண்ணியதில் பாதிக்குத் திரும்பினால் அதுதான் பொக்ஸின் நடு. திருகாணியிலும் பொக்ஸிலும் பெயின்ட்டால் ஒரே கோடு போடுங்கள்; மனம் மாறினால் திரும்பி வர வழி வேண்டும். லொக் நட்டைத் தளர்த்தி, திருகாணியை எட்டில் ஒரு சுற்று மட்டும் இறுக்குங்கள். எந்தப் பக்கம் இறுக்கம் என்பது பொக்ஸுக்குப் பொக்ஸ் மாறலாம், கைந்நூலைப் பார்த்துக்கொள்ளுங்கள். திருகாணி அசையாமல் பிடித்துக்கொண்டு லொக் நட்டை இறுக்குங்கள். முட்டில் இருந்து முட்டு வரை சுற்றிப் பாருங்கள்: நடுவைக் கடக்கும்போது மெல்லிய ஒரு பிடிப்பு வந்து போனால் நல்லது. எங்கேயாவது சிக்கினால் திரும்ப விடுங்கள். நடுவில் ஆட்டம் போகுமளவுக்கு இறுக்கினால் ஓரத்தில் சிக்குகிறது என்றால் பல் தேய்ந்துவிட்டது, பொக்ஸைத் திறந்து செய்யவேண்டும். நானாவும் நானும் கால் சுற்றுக்கு மேல் போகவில்லை. 36 ஆனது 28, அங்கேயே நிறுத்தினோம்.

வானில் கட்டியவர்களுக்கு

ஹயஸ், கரவன் மாதிரிச் சசிகளில் முன்னுக்குத் தனித்தனி சஸ்பென்ஷன். கிங் பின்னுக்குப் பதில் மேலும் கீழும் பந்து ஜொயின்ட். ரேக் வகை என்றால் பிட்மனும் டிராக் லிங்கும் இல்லை; ரேக்கின் இரண்டு பக்க உறைக்குள் இருக்கும் உள் ஜொயின்ட், ரேக் சசியில் உட்காரும் ரப்பர், ரேக்கின் ஓரப் புஷ், இந்த மூன்றையும் பாருங்கள். பொக்ஸ் வகை என்றால் பிட்மனுக்கு எதிர்ப்பக்கத்தில் ஐட்லர் ஆம் என்று ஒன்று இருக்கும். அதன் புஷ் தேய்ந்தால் ஒரு பக்கச் சில்லு மட்டும் தனக்கு மனம் போன மாதிரித் திரும்பும்.

பஞ்சிகாவத்தையில்

இங்கேயுள்ள உதிரிப்பாகக் கடைகளுக்குப் பழைய சாமானைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள். சசி இலக்கம் சொன்னாலும் போதாது. ஒரே வருஷத்து வண்டியில் இரண்டு அளவுக் கூம்பு வருவதுண்டு. கூம்பைப் புது ஆமில் விட்டு, கையால் அழுத்தி, ஆடாமல் உட்காருகிறதா என்று கடையிலேயே பாருங்கள். டை ரொட் எண்ட், டிராக் லிங்க், கிங் பின் என்பவற்றைக் கழற்றிய சாமானாக வாங்காதீர்கள். பொக்ஸ் முழுசாக வேண்டும் என்றால் கழற்றியது பரவாயில்லை, தண்டைச் சுற்றி நடுவில் பிடிப்பு வருகிறதா என்று பார்த்து எடுக்கலாம். பெட்டியில் ஜப்பான் என்று அச்சடித்திருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். ரப்பர் உறையின் பொருத்தம், திருகுப் புரியின் சுத்தம், கிறீஸ் நிப்பிளின் வேலை, இவை சொல்வதைக் கேளுங்கள்.

பூட்டும்போது கொட்டர் பின் ஓட்டை நட்டின் வெட்டோடு பொருந்தாவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பொருத்துங்கள். தளர்த்திப் பொருத்தவே கூடாது. பழைய பின்னை நேராக்கித் திரும்பப் போடவும் கூடாது. டை ரொட் எண்ட்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். அதே எண்ணிக்கைக்குப் புதுசை ஏற்றினால் எலைன்மென்ட் கடை வரை வண்டி ஓடும்.

500 கிலோமீற்றர் ஓடிய பிறகு திரும்பக் கீழே படுங்கள். யூ போல்ட் நட்டுகள், பொக்ஸ் போல்ட்டுகள், பிட்மன் நட்டு, புதுப் பின்கள். பெயின்ட்டால் போட்ட கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். என் வண்டியில் வலப்பக்க யூ போல்ட் ஒன்று அரைச் சுற்று வாங்கியது, மற்றதெல்லாம் போட்ட இடத்திலேயே இருந்தது. வளையத்தில் ஒட்டிய மாஸ்கிங் டேப்பை நான் இன்னும் கழற்றவில்லை.